நான்காம் நம்பர் அறை

தீர்த்தமலை அடிவாரத்தில்
அந்நேரத்துக்குத் திறந்திருந்தது ஒரே லாட்ஜ்.
ஓசூர் ஆலையிலிருந்து என்னோடு வந்த மொரிட்டா
ஷூவைக் கழற்றி
மூக்கு வெளியே பார்க்கத் திருப்பிவைத்தார்.

அவர் ஊரிலும் மலைமேல் புத்தர் கோயிலாம்,
கீழே விடுதி, வெந்நீர்த் தொட்டி,
இறங்கினால் எழ மனம் வராதாம்.

மாதம்மா ஒரு பக்கெட் வெந்நீர் கொண்டுவந்தாள்,
இருபது ரூபாய்.
"கழுத்துவரை இருக்கிறது"
கதவுக்குள்ளிருந்து குரல்.

விடியுமுன் மலையேறி
பாறையில் விழும் தீர்த்தத்துக்குத் தலை கொடுத்து
ஈரத்தோடு இறங்கினோம்.

பாய் சுருண்டு, போர்வை மடிந்து,
பக்கெட் கவிழ்ந்திருந்த அறையை
எட்டிப் பார்த்தாள் மாதம்மா:
"ராத்திரி யாரும் தங்கலையா சார்?"
வாடகை வாங்கத் தயங்கினாள்.

ஒரு ஷூவைக் குரங்கு தூக்கிப் போயிருந்தது.
மற்றது
வெளியே பார்த்தபடியே.