அரிதாள்

செஸ்டொஹோவாவுக்கு இன்னும் மூன்று நாள் நடை.
ஒலிபெருக்கி என் முதுகில்.
ஏழு கிலோ என்றார்கள், புறப்படும்போது.
இன்று காலையிலிருந்து அது வேறு கணக்கு.
என்னிடமிருந்து ஒரு வயர் கிளம்பி
முன்னால் போகும் கிங்காவின் மைக்கில் முடிகிறது.
அவள் செபமாலை சொல்ல
என் முதுகெலும்பு அதை ஊருக்கு அறிவிக்கிறது.

அதனால்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை.
மற்றவர்களுக்கு எளிது:
ரெமிகியுஷ் சாமியார் ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கூட்டத்துக்கு முப்பதடி பின்னால் நடப்பார்.
பக்கத்தில் ஒருவர் சாலையைப் பார்த்தபடி நடப்பார்.
இரண்டு கிலோமீட்டர் கல்லுக்குள்
எல்லாம் முடிந்துவிடும்.
எனக்கு ஒன்பது வருடப் பாக்கி.
"மைக் திறந்திருந்தால் என்ன ஆவது?" என்று
சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

மதியப் பூசை கோதுமை வயலில்.
நேற்று அறுத்த வயல்.
பீடம், வாலென்டியின் டிரெய்லர்.
வைக்கோல் தூசியைத் தட்டி, வெள்ளைத் துணி விரித்து,
காற்றுக்குப் பயந்து
நான்கு மூலையிலும் துணிக் கிளிப் மாட்டினார்கள்.
வாலென்டி டிராக்டரை விட்டு இறங்கவில்லை.
தொப்பியைக் கழற்றவும் இல்லை.
"நாலு மணிக்கு மழை.
மூணரைக்கு என் வண்டி எனக்கு வேணும்.
மேலே இருக்கிறவருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சாமியார் வானத்தைப் பார்த்துப் பார்த்துப்
பிரசங்கத்தைச் சுருக்கினார்.
கொப்புளத்தைப் பற்றி ஒரு வாக்கியம்,
மன்னிப்பைப் பற்றி இரண்டு.
காற்று பூசைப் புத்தகத்தைப் புரட்டிக்
கிறிஸ்துமஸுக்குப் போய்விட்டது.
விரலை வைத்து அவர் ஆகஸ்டுக்குத் திரும்பினார்.
அப்பத்தைக் கையில் எடுத்தார்.

"நீங்கள் அனைவரும்" என்றது என் முதுகு.
அதற்கு மேல் சொல்லவில்லை.

பேட்டரி.
கிங்கா மைக்கைத் தட்டினாள், ஊதினாள்,
என்னைப் பார்த்தாள்.
நானூறு பேருக்கு நடுவில்
வெட்டுக்கிளிகளின் சத்தம் மட்டும்.
எங்கோ ஒரு வயலில் அறுவடை எந்திரம்.
ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது,
இரண்டாம் முறை சத்தமாக.

முன்வரிசை மண்டியிட்டது.
அதைப் பார்த்து அடுத்த வரிசை,
அதைப் பார்த்து அதற்கடுத்தது,
எதற்கென்று கேட்காமலே.
காற்றில் கதிர் சாய்வதுபோல என்று எழுதலாம்.
கதிர் நேற்றே களத்துக்குப் போய்விட்டது.
நாங்கள்தான் இருந்தோம்.
அரிதாள் முழங்காலில் குத்தியது, துணியைத் தாண்டி.

அப்போது சொன்னேன்.
செத்த ஒலிபெருக்கியைச் சுமந்துகொண்டு, வாய்விட்டு:
லெயோகாதியா ஆஸ்பத்திரியிலிருந்து
மூன்று தடவை கூப்பிட்டாள்.
போன் என் கையில்தான் இருந்தது.
ஒலிக்க ஒலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது பாவசங்கீர்த்தனம் ஆகாது. தெரியும்.
பட்டை இல்லை, குரு இல்லை,
மீட்டுத் தரும் வாக்கியம் இல்லை.
வயரின் அந்த முனையில்
கிங்கா குனிந்து
பிளக்கில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்,
மண் போன பிறகும்.

மஞ்சளும் வெள்ளையுமான குடைகள்
வயலில் அங்கங்கே விரிந்தன, நற்கருணைக்கு.
நான் எழுந்து நின்றேன். வரிசையில் சேரவில்லை.
குடை ஒன்று டிராக்டர் அருகே போய்க்
கொஞ்சம் தயங்கி நின்றது.
வாலென்டி சாமியாரிடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

மூணே காலுக்கே மழை.
வானிலை அறிக்கையை அவர் திட்டிய வார்த்தைகளுக்கு
ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.
துணியை உருவி அவசரமாய் மடித்தார்கள்.
டிரெய்லர் குலுங்கிக் கிளம்பியபோது
ஒரு மூலையில் நீலக் கிளிப் ஒன்று
அப்படியே ஆடிக்கொண்டு போனது.

சாலை ஏறியதும் புது பேட்டரி போட்டார்கள்.
என் முதுகு கரகரத்தது.
"ஹலோ, ஹலோ," என்றாள் கிங்கா,
"கேட்குதா?"
கடைசி வரிசையில் யாரோ
மழைக்கோட்டுக்குள்ளிருந்து கையை உயர்த்தி
இல்லை என்று ஆட்டினார்கள்.
கிங்கா ஒலியைக் கூட்டினாள்.