எடைச்சீட்டில் ஒரு கேள்விக்குறி

ஆகஸ்ட் இருபத்தொன்று, மாலை ஆறேகால்.
எடைமேடை அறையின் பழைய கணினி
ஒருமுறை இருமிவிட்டு
அணைந்தது.

வெளியே ஒன்பது லாரிகள்.
நனையக் கூடாத பார்லி.
பார்னு பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது
எஸ்டோனியாவின் வானம்.

எடை போடும் நிரல்
தொண்ணூற்றெட்டில் யாரோ எழுதியது.
எழுதிய நிறுவனம் இருந்த இடத்தில் இன்று டயர் விற்கிறார்கள்.
விண்டோஸ் அல்லாத வீட்டில் அது கால் வைக்காது.
வைகேவிடம் இருப்பதோ
நூலகம் கழித்துக் கட்டிய மடிக்கணினி,
உள்ளே லினக்ஸ்,
மூடியில் இன்னும் உரியாத வில்லை: சிறுவர் பகுதி.

வைன் என்று ஒன்றை ஏற்றினாள்.
குடிப்பதல்ல, என்றாள் வரிசையின் முதல் ஆளிடம்.
அப்புறம் எதற்கு, என்றான் அவன்.

விண்டோஸை அழைத்துவந்து குடிவைப்பதில்லை அது.
நிரல் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும்
இந்தப் பக்கத்துச் சாமானை எடுத்து
அந்தப் பக்கத்துப் பேச்சில்
நீட்டுகிறது, அவ்வளவுதான்.
சி டிரைவ் எங்கே?
இதோ, என்று ஒரு கோப்புறையைக் காட்டுகிறது.
காம் ஒன்று?
யுஎஸ்பி துளையில் தொங்கும் கம்பிக்கு
அந்தப் பெயரை ஒட்டிக் கொடுக்கிறது.
நீ தொண்ணூற்றெட்டுதானே?
ஆமாம்.
இந்த ஒன்றுதான் பொய்.

பக்கத்துக் கறுப்புத் திரையில்
வரிவரியாக வாக்குமூலம் ஓடுகிறது:
இதை இன்னும் எழுதவில்லை, சரிசெய்ய வேண்டும்.
இதற்கு ஆகட்டும் என்று சொல்லி வைத்தேன், உள்ளே ஒன்றுமில்லை.
இதற்கும்.
இதற்கும்.
எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி.

வைகே பதினாறு வருடமாகக் கூட்டுறவில் இருப்பவள்.
உள்ளே ஒன்றுமில்லாத ஆகட்டும்களை
இத்தனை நேர்மையாக யாரும் பட்டியல் போட்டு
அவள் பார்த்ததில்லை.

மூன்று முறை விழுந்தது.
நாலாம் முறை
சாம்பல் நிற ஜன்னலொன்று திறந்து
பூஜ்யம் என்றது.
ஓடிப்போய் மேடையில் ஏறி நின்றாள்.
எண்பது, என்று கத்தினான் உள்ளேயிருந்து ஓட்டுநர்.
எழுபத்தொன்று! என்று அவள் திருப்பிக் கத்தினாள்.
லாரிக்கென்று செய்த மேடை,
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.

முதல் சீட்டு வந்தது.
எடை சரி, ஈரம் சரி, நேரம் சரி.
பெயர்தான்.
அவன் பெயரின் நடுவே ஒரு ஓ உண்டு,
தலையில் அலைக்கோடு போட்டது.
உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும்,
பாக்கு என்னும்போது நம் வாயில்
பாதியாய்த் தேயும் உகரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.
இடி என்று பொருள் அந்தப் பெயருக்கு.
அச்சில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

இடிக்கு நடுவில் சந்தேகமா, என்றான் அவன்.
மேற்கே நிஜ இடி
சந்தேகமில்லாமல் உருண்டது.

மருந்து அவளுக்குத் தெரியும்.
மொழி எது என்று ஒரு வரி,
அணைத்து மறுபடி எழுப்பினால் போதும்.
மறுபடி எழும் என்று யார் சொன்னது?
பேனாவை எடுத்தாள்.
கேள்விக்குறியை அடித்தாள்,
ஓ போட்டாள், மேலே சின்ன அலை.
அடுத்த லாரி.
ஊர்ப் பெயரில் இரண்டு அலை.
அடுத்தது.
ஓட்டுநர்கள் இறங்குவதற்கு முன்பே
சீட்டைப் பேனாவோடு சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டு பத்துக்கு மழை பிடித்தது.
கடைசி வண்டியின் பார்லி
அதற்குள் கூரைக்குக் கீழே கொட்டியாகிவிட்டது.
கறுப்புத் திரை மட்டும்
யாரும் கேட்காமலே
இன்னும் ஒப்புக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து போன்.
இரண்டு சீட்டில் கேள்விக்குறி இருக்கிறதே,
கணினியை ஒழுங்காகச் சரிசெய்து
அறிக்கை அனுப்ப முடியுமா?

வைகே மேடையைப் பார்த்தாள்.
ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது,
எண்கள் இருபது இருபதாய் ஓடின.

ஆகட்டும், என்றாள்.