ஐம்பது மில்லி

கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டும் ஊசிக்குழல்தான்
எங்கள் பெட்ரோல் பங்க்.
ஐம்பது மில்லி. ஒரு சொட்டு கூடினாலும்
கோகிலவாணி மூடியைத் திருக மாட்டாள்.
பகலில் வார்ப்படப் பட்டறையில் கணக்கெழுதுகிறவள்,
நாற்பத்தொரு கிலோ.
வண்டி இருபத்தொன்பது.
நான் எண்பத்தாறு. அதனால்
நான் செய்த வண்டிக்குள் நான் உட்கார்ந்ததே இல்லை.

ஆவாரம்பாளையம், பெயிண்ட் ஷெட்டுக்குப் பின்னால்
ரெண்டு வருஷத்து ஞாயிறுகள்.
களைவெட்டியிலிருந்து கழற்றிய எஞ்சின், முப்பத்தஞ்சு சிசி.
முன்னால் ரெண்டு சைக்கிள் சக்கரம், பின்னால் ஒன்று.
மூங்கில் சிம்பு, தெர்மாகோல், மேலே தோல் மாதிரி ஃபைபர்.
தலை பருத்து வால் சிறுத்து
குட்டையில் நெளியும் தலைப்பிரட்டையேதான்.
எடை குறையணும் என்று சொன்னதுதான் தாமதம்
சென்னியப்பன் டிரில்லிங் மெஷினோடு கிளம்பிவிட்டான்:
பெடலில் ஓட்டை, பிரேக் கம்பியில் ஓட்டை,
சீட்டில் எண்ணமுடியாத ஓட்டை.
டீ கிளாஸை நாங்கள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணே முக்கால் லட்சம் போயிருக்கு,
பெட்ரோல்ல எவ்வளவு மிச்சம்?" என்றாள் வீட்டில்.
ஐந்து ரூபாய் என்றேன்.
அதுவும் மிச்சமில்லை, ஊற்றுகிற காசு.

அவளுக்கு எப்படிச் சொல்வது?
பகலெல்லாம் பம்புசெட் சோதிக்கிறவன் நான்.
நூறு பங்கு கரண்ட் கொடுத்தால்
நாற்பது பங்கு தண்ணீராய் மேலே வரும்.
பாக்கி அறுபது
சூடாக, இரைச்சலாக, பேரிங்கின் நடுக்கமாக
என் உள்ளங்கையில் வந்து சாகும்.
பதினேழு வருஷம் அதைத் தொட்டுப் பார்த்த கை இது.
சும்மா இருக்குமா?

ஆடி மாசம், விடிகாலை நாலு மணி.
கேத்தனூர்ப் பக்கம் காத்தாடிக் காடு, ஆளில்லாத தார்ரோடு.
முப்பது தொட்டதும் அணை.
பதினைந்துக்கு இறங்கினால் பற்றவை.
மொபட்டில் நானும் சென்னியப்பனும் பின்னாலேயே.
எஞ்சின் ஒருமுறை இருமும், அப்புறம் ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லாமலே நீளமாகப் போய்க்கொண்டிருக்கும்.
தூரத்தில் யார் தோட்டத்திலோ போர் மோட்டார். ஒரு மயில்.
போனில் அவள் குரல்:
"நின்னதுக்கு அப்பறந்தானுங்ண்ணா இது ஓடுது."

ஒன்பது கிலோமீட்டர், எண்ணூறு மீட்டர்.
சென்னியப்பன் ரோட்டிலேயே குதித்தான்.
லிட்டருக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு!
(மொபட் குடித்தது இருநூறு மில்லி.
அதை யாரும் எழுதவில்லை.)

கோகிலவாணி இறங்கி அண்ணாந்து பார்த்தாள்.
அத்தனை காத்தாடியும் பாலக்காட்டைப் பார்த்தபடி நின்று சுழன்றன.
"காத்து முதுகுல இருந்துச்சுங்ண்ணா.
இது நம்ம மைலேஜ் இல்ல, கணவாயோட மைலேஜ்."
ஒற்றைக் கையால் வாலைத் தூக்கி வண்டியை மேற்கே திருப்பினாள்.
இன்னொரு ஐம்பது.

நாலு கிலோமீட்டர், முந்நூறு மீட்டர்.
கூட்டினாள், வகுத்தாள்,
நூற்று நாற்பத்தொன்று என்று நோட்டில் எழுதி
பேனாவைக் கூந்தலில் செருகிக்கொண்டாள்.
அதற்குமேல் அப்பீல் கிடையாது.

டெம்போவைக் கொண்டுவர சென்னியப்பன் மொபட்டில் போய்விட்டான்.
"இப்ப எடையப் பத்தி என்னங்ண்ணா, ஏறுங்க" என்றாள்.
ஏறினேன். இடுப்புவரை போனது வண்டி,
அப்புறம் ஃபைபர் முனகியது.
இறங்கித் தள்ளினோம். எதிர்காற்று சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது,
சக்கரம் மட்டும் சத்தமே இல்லாமல்
ஒரு விரலுக்கு உருள்கிறது.

பால் கேன் கட்டிய பைக் ஒன்று வேகம் குறைத்து
கூடவே வந்தது கொஞ்ச தூரம்.
"என்ன மைலேஜுங்க குடுக்குது?"
"நூத்தி நாப்பத்தொண்ணுங்க."
அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அப்பறம் ஏனுங்க தள்ளிட்டு வர்றீங்க?"
"பெட்ரோல் தீந்துபோச்சுங்க."