அவசரத் தொடர்புக்கு

வனத்துறைப் படிவத்தில் ஆறாவது வரி கேட்டது:
அவசரத் தொடர்புக்கு யார்?
பசரியா என்று எழுதினேன்.
பக்கத்தில் பசரியா, நாக்கைக் கடித்துக்கொண்டு,
என் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

சீட்டுக் கிழிக்கும் பையன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான்.
"ரெண்டு பேரும் ஒரே போட்டு. ஒண்ணு ஆச்சுன்னா
நான் யாரக் கூப்புட?"

நின்று யோசித்தோம், நிஜமாகவே.
கீழக்கரையில் அவள் மாமியார் கணக்கில்
இன்று எனக்குப் பல் பிடுங்குகிறார்கள்.
எங்கள் வீட்டுக் கணக்கில்
பசரியாவுக்கு.
கடைசியில் அலுவலக நம்பரைக் கொடுத்தோம்,
ஞாயிற்றுக்கிழமை எடுக்க ஆளில்லாத நம்பர்.

மின்கட்டணம் கட்டுமிடத்தில்
மூன்றாம் கவுண்டர் நான், நான்காம் கவுண்டர் அவள்.
பதினோரு வருஷமாக நடுவில் ஒரு கண்ணாடி.
அடியில் இருக்கும் இடுக்கு வழியே
சில்லறை போகும், தலைவலி மாத்திரை வரும்.
ஒரு தடவை, ஏனென்று அவளும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை,
என் கைக்குட்டை போனது.

அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை.
பதினாலு மாடி, மூன்று நீச்சல் குளம்.
"கடல் மேலயே போறவனுக்குக் குளம் எதுக்கு?" என்பாள்.
அவர் துணி வெளுக்கும் தளத்துக்கு ஜன்னல் கிடையாதாம்.
படங்கள் மட்டும் மேல்மாடியிலிருந்து வரும்.

நான் கமுதிக்காரி.
எனக்குத் தண்ணீர் லாரியில் வரும்.

குந்துகாலில் இருந்து குருசடைக்கு
பன்னிரண்டு பேர், ஒரு ஃபைபர் படகு.
ஆரஞ்சு அங்கியில் யாருடைய வேர்வையோ இருந்தது.
என் கொக்கியை அவள் மாட்டினாள்,
அவளுடையதை நான்.
இத்தனை பக்கத்தில் அவளைப் பார்த்ததே இல்லை.
புருவத்தில் ஒரு தழும்பு. கண்ணாடியில் அது தெரியாது.

"இது ஆண்கடலு," என்றார் இன்னாசி, இன்ஜினைச் சுண்டி.
"இன்னைக்குச் சும்மா படுத்துக் கெடக்கு."
"ஞாயித்துக்கெழம எல்லா ஆம்பளையும் அப்புடித்தான்," என்றாள் பசரியா.
படகே சிரித்தது.
அடுத்த அலையில் அவள் முகம் பச்சையானது.

எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே தொதல் தின்றாள்.
வாந்தி வரும் என்றேன்.
வந்தால் மறுபடி தின்னலாம், நிறைய இருக்கு என்றாள்.
பாம்பன் பாலம் பின்னால் சின்னதாகி
யாரோ மறந்துவிட்டுப் போன சீப்பு மாதிரி ஆனது.

தீவோரம் தண்ணீர் கெண்டைக்கால் அளவு.
பாசிக்குள் கருப்பாக ஒன்று, நகர்கிறதா இல்லையா தெரியாமல்.
"அட்டை. தொட்டா கேஸு," என்றார் இன்னாசி.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
இரண்டு பேரும் குனிந்து வெகுநேரம் பார்த்தோம்.
அது எங்களுக்காக ஒன்றும் செய்யவில்லை.

அப்போதுதான் என் போன் அதிர்ந்தது:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
அவளுக்கும் வந்தது.
"பாஸ்போர்ட்டு இல்லாம ஃபாரின் வந்துட்டோம் புள்ள!"
படமெடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள்.
சக்கரம் சுற்றியது, சுற்றியது, போகவில்லை.
போகாட்டி போகுது என்று
போனைப் பைக்குள், தொதல் எண்ணெய்க்கு நடுவே, போட்டாள்.

பிறகு அவள் முட்டிவரை புடவையைத் தூக்கி
தண்ணீரில் சும்மா நின்றாள்.
நான் பக்கத்தில் நின்றேன்.
அந்தக் கைக்குட்டையைப் பற்றி இப்போது கேட்டிருக்கலாம்.
ஒரு மீன்குஞ்சுக் கூட்டம் எங்கள் நாலு காலையும்
ஒரே ஆள் என்று நினைத்துச் சுற்றிப் போனது.
கேட்கவில்லை.

ராத்திரி பத்தே முக்காலுக்கு அவள் செய்தி:
ஒனக்கும் கட்டில் ஆடுதா?

ஆடிக்கொண்டுதான் இருந்தது.
போன் வெளிச்சத்தில் இவர் புரண்டு படுத்தார்.
"பசரியாவுக்குப் பல் எப்புடி இருக்காம்?"

வேர் ஆழமாம் என்றேன்.
இன்னும் ரெண்டு தடவை போகணுமாம்.