ஒன்றரை பவர்

இன்றிரவு மெம்ஃபிஸில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்
என்று கார் வானொலி சொன்னால்
சிவப்பு விளக்கில் நின்றபடி
விரல் மடக்குகிறேன்:
லவோன், ஷரீக்கா, டெம்ப்ஸி சகோதரர்கள்,
கார்டெல் மேஃபீல்ட்.

குளிரில் ரத்தம் வளையும்.
உருண்டு ஓட வேண்டியது
மடங்கி, முனை கூர்ந்து,
விலாவில், இடுப்பில், முழங்காலில்
ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும்.
அரிவாள் என்று பெயர் வைத்தார்கள்.
கார்டெலின் ஆட்கள்
டெல்டாவில் பருத்தி எடுத்தவர்கள்.
பருத்திக்கு அரிவாள் வேண்டாம்,
விரல் போதும்.

இரவு இரண்டு பத்துக்கு போன்.
அவசரப் பிரிவில் புது டாக்டர், நல்ல பையன்தான்.
"வலி பத்துக்கு ஒன்பது என்கிறார்,
ஆனால் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிறார்.
மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும்
அவரே சொல்கிறார், மேடம்"
என்றான், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில்.

உன் வீட்டு விலாசம் உனக்குத் தெரியாதா, என்றேன்.
அவர் அந்த வலியில் நாற்பத்து மூன்று வருஷமாகக் குடியிருக்கிறார்.
அழுதால் நடிப்பு என்பீர்கள்
என்று எட்டு வயதிலேயே சிரிக்கப் பழகியவர்.
மானிட்டரில் நாடித்துடிப்பைப் பார்,
அதற்குச் சிரிக்கத் தெரியாது.
திட்டம் ஃபைலில் இருக்கிறது, என் கையெழுத்தோடு.
மூன்றாம் பக்கம்.
முதல் ஊசி போடும்வரை
நான் லைனில் இருக்கிறேன்.

இருந்தேன்.
ஆறிய பீன்ஸ் சூப்பைச் சட்டியோடு குடித்துக்கொண்டு.
இருபத்தாறாவது நிமிஷம்
யாரோ கையுறை கழற்றும் சத்தம்.

டாக்டரா என்றால் இல்லை.
நர்ஸா என்றால் அதோடு நிற்கவில்லை.
மருந்து எழுதுவேன், சண்டை போடுவேன்,
இன்சூரன்ஸ்காரர்களின் காத்திருப்பு இசை
முழுதும் மனப்பாடம்.
பதினெட்டு வயதுவரை இவர்களுக்குச்
சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி.
பிறகு தெருவைக் கடந்து எங்களிடம் வர வேண்டும்.
எங்கள் சுவர் வெறும் பச்சை.
எல்லோரும் கடப்பதில்லை.
ஜெனீஸ் மூன்று தடவை வரவில்லை.
நான்காவது தேதிக்கு அவள் அம்மா வந்தாள்,
இனிமேல் தேதி வேண்டாம் என்று சொல்ல.

மார்ச்சில் கார்டெல்
போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
"எழுத்து மங்குது, வெர்லீன்."
எனக்கு அடிவயிறு கலங்கியது.
இந்த ரத்தம் கண்ணுக்குள்ளும் நுழையும்,
விழித்திரையின் நூல் குழாய்களை அடைக்கும்.
அப்போதே மூன்றாம் மாடிக்கு அனுப்பினேன்.
ஐம்பது நிமிஷம்.
வேறு யாருடைய பொட்டாசியத்தையோ
இரண்டு தடவை தப்பாக டைப் செய்தேன்.

அறிக்கை வந்தது:
விழித்திரை சுத்தம்.
வெள்ளெழுத்து.
வயதாவதால் வருவது.

வயதாவதால்.
அந்தச் சொல்லை உரக்கப் படித்தேன்.
இவருக்கு ஐந்து வயதில் ஒரு டாக்டர்
இவர் அம்மாவிடம் சொன்னாராம்,
காலேஜுக்கென்று காசு சேர்க்காதீர்கள்.

"இது எல்லாருக்கும் வருமா?"
"எல்லாருக்கும்."
"என் சீக்கால இல்லையே?"
"இல்லை. எனக்கு வந்து ஏழு வருஷம்"
என்று கழுத்துச் சங்கிலியில் தொங்கும்
கண்ணாடியைக் காட்டினேன்.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்,
பதக்கத்தைப் பார்ப்பதுபோல.

கீழே மருந்துக்கடையில்
கண்ணாடிச் சுழல்தட்டை
வெகுநேரம் சுற்றியிருக்கிறார்.
திரும்பி வந்தபோது மூக்கில் சிறுத்தைப்புள்ளிச் சட்டம்,
விலைச்சீட்டு கன்னத்தில் ஆடியது.
ஒன்பது டாலர். ஒன்றரை பவர்.
பார்வை சரியா என்று பார்க்க
என் மேஜையிலிருந்து அவர் ஃபைலை எடுத்தார்.
மூன்றாம் பக்கம்.
உதடசைத்து, வரி வரியாக, கையெழுத்துவரை படித்தார்.

"கார்டெலுக்கு ரெண்டு எல்" என்றார்.
"பன்னிரண்டு வருஷமா ஒண்ணுதான் போட்டிருக்கே."