கையிருப்பு

முசாஃபாவில் எட்டுப் பேர் அறை.
மேல்கட்டிலில், என் தலைமாட்டில்,
ஒரு வைட்டமின் டப்பா.
உள்ளே இருப்பது வைட்டமின் இல்லை.

ஸ்டோர் கீப்பர் வேலை எனக்கு.
நட்டு, போல்ட்டு, வெல்டிங் ராடு,
வந்தது, போனது, மீதி.
முதல் மாத்திரையை விழுங்கிய இரவு
பழைய டைரியில் அதையும் எழுதினேன்:
வரவு முப்பது. செலவு ஒன்று.
பலன் என்ற கட்டத்தை
வெறுமனே விட்டேன்.

டாக்டர் ஹனான் சூடான்காரி.
அவள் இங்கிலீஷும் என் அரைகுறை இந்தியும்
மேசை நடுவே முட்டிக்கொண்டு நின்றன.
சோகமா என்றாள்.
சோகமென்றால் அழுதிருப்பேனே.
சம்பள நாளில்கூட
எக்ஸ்சேஞ்சுக்குப் போகக் கால் எழவில்லை,
அதைத்தான் சொன்னேன். போதுமாக இருந்தது.
காலண்டரில் மூன்றாம் வாரத்துக்கு மேல் விரல் வைத்து
அதுவரை மனசுக்கு ஒன்றும் தெரியாது,
வயிற்றுக்குத் தெரியும் என்றாள்.

தெரிந்தது.
ஐந்தாம் நாள் கம்பெனி பஸ்ஸில்
குப்பூஸ் மேலேறி வந்தது.
தூக்கம் இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்தது,
என்னையும் எழுப்பிக்கொண்டு.

ஒன்பதாம் நாள் எழுதியதை
இன்றும் திருப்பிப் படிப்பதில்லை.
கை, கால், எதுவும் சும்மா இருக்கவில்லை.
எனக்கே என்னிடம் பயம்.
இப்படி வரலாம், வந்தால் காத்திருக்காதே,
அன்றைக்கே கூப்பிடு என்று
சீட்டின் பின்புறம் எண் எழுதித் தந்திருந்தாள்.
கூப்பிட்டேன்.
எதுக்கு என்று கேட்காமல்
தங்கப்பழம் டாக்சி பிடித்தான்,
வழியெல்லாம் அவன் மச்சான் வாங்கிய
டிராக்டரைப் பற்றியே பேசினான்.
ஹனான் அளவைக் குறைத்தாள்,
வாராவாரம் வரச் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள், அற்புதம் ஒன்றுமில்லை.
கேபிள் டிரே ஒரு லோடு இறங்கியது.
எண்ணினால் இரண்டு குறைவு.
டிரைவரிடம் சத்தம் போட்டேன்.
போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது,
இரண்டு டிரே போனால் எனக்கென்ன என்று
நான் இருக்கவில்லை.
பலன் கட்டத்தில் எழுதினேன்:
டிரே ரெண்டு கம்மி.

நடுவில் ஒருநாள் மறந்தேன்.
மறுநாள் சேர்த்து இரண்டு போடப் போனவன்
அவள் சொன்னது ஞாபகம் வந்து
ஒன்றை உள்ளே வைத்தேன்.
போன லாரி போனதுதான்.

லீவுக்கு வந்தேன், டாக்டர் கடிதமும் பெட்டியில்.
நான்காம் இரவு பூங்கோதை கேட்டாள்,
"அங்க வேற யாராச்சும்...?"
உடம்பு பக்கத்தில் கிடந்தது,
எனக்குச் சம்பந்தமில்லாத சாமான் போல.
மாத்திரையால் அப்படி ஆகலாம் என்று
ஹனானிடம் கேட்டிருக்கலாம்.
வெட்கம். கேட்கவில்லை.
மறுநாளே நிறுத்தினேன்,
நல்லாத்தானே இருக்கேன் என்று
ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று நாளில் மண்டைக்குள் கரண்ட்.
திரும்பினால் பார்வை
ஒரு நொடி பிந்தி வந்து சேர்ந்தது.
சந்தைக்கு நடுவில் அழுதேன்,
தக்காளி விலை கேட்டுக்கொண்டே.

அன்றிரவு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.
உள்ளே எட்டாக மடித்திருந்த தாளை நீவி
போனில் ஒவ்வொரு சொல்லாய்த் தேடித்தேடி
விடிய விடிய அவள் படித்தாள்.
காலையில் டாக்டருக்கு அவளே பேசினாள்.
மறுபடி தொடங்கு,
அந்த விஷயத்துக்கு வேறு மருந்து பார்க்கலாம்,
விடுவதென்றாலும் நல்லாகி ஆறு மாசமாவது போகட்டும்,
அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், நான் சொல்லி.
பெட்டி கட்டும்போது பூங்கோதை கேட்டாள்,
"இது உங்களுக்கு மட்டுமா,
இல்ல அங்க நெறைய பேருக்கா?"

தெரியாது என்றேன்.

திரும்பி வந்து ஒரு வாரம்.
கீழ்க்கட்டில் நாகூர்கனி விளக்கணைந்த பிறகு
மெதுவாகத் தட்டினான்.
"அண்ணே, அந்த வைட்டமின்ல எனக்கும் ஒண்ணு.
ரெண்டு மாசமா தூக்கமே இல்ல."
என் அளவு என்னுடையது, கொடுக்க முடியாது.
கிளினிக் முகவரியை
அவன் போனில் நானே போட்டுக் கொடுத்தேன்.
"நோன்பு வருதே, எப்பப் போடுறது?"
"அதையும் அவங்ககிட்டயே கேளு."
இருட்டில் ரொம்ப நேரம் பேசாமலிருந்தான்.
பிறகு, "நீயும் கூட வர்றியா?"

டைரியில் இன்றைய வரி:
செலவு ஒன்று. மீதி பதினொன்று.
ஞாயிற்றுக்கிழமை கிளினிக்.
ரெண்டு பேர்.