மூன்றில் தொடங்கும் நாடா

பதினோரு நாள், நாற்காலியின் முதுகில்
ஐந்து துண்டுத் துணிகள் குண்டூசியில் தொங்கின.
மொந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றுப்பக்கமிருந்து வரும் வெளிச்சம்
பச்சையைச் சாம்பலாக்கும்,
சாம்பலை ஒன்றுமே இல்லாததாக்கும்.
விளக்கைப் போட்டால் வேறு கதை.

வாஷிங்டனிடம் கேட்டேன்.
(என் கணவன். இங்கே அது ஊர்ப்பெயரல்ல, ஆள்பெயர்.
கொழுந்தன் நெல்சன். யாரும் சிரிப்பதில்லை.)
"எதுவானாலும் உட்காரத்தானே" என்றான்.
ஒரு ஞாயிறு காலை, என்னைக் கேட்காமல்,
ஐந்தின் மேலும் மாத்தேயை ஒவ்வொரு சொட்டு விட்டுவிட்டு
கைகட்டி நின்றான்.
நீலம் அழுதது.
வெள்ளையைப் பற்றிப் பேச வேண்டாம்.
கடுகு நிறத்தில், நாணலுக்குள் நாரை நிற்கும் துணி மட்டும்
கறையை வாங்கி
இன்னொரு நாணலாக வைத்துக்கொண்டது.

பிறகு அளவு.
அவன் மண்டியிட்டு எண் சொன்னான்,
நான் மின்கட்டண உறையின் பின்பக்கம் எழுதினேன்.
இருக்கை. அதன் முன்மடிப்பு. உள்முதுகு. வெளிமுதுகு.
கை உள்ளே, கை வெளியே,
மரத்துக்கடியில் இழுத்து ஆணியடிக்க ஐந்து விரல்.
இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து ஒன்பது மீட்டர் இருபது.

கடையில் ஒதிலியா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.
"நாரைக்கு நாரை முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.
அதற்கும் சேர்த்து வாங்கு.
இல்லையென்றால் இருக்கையில் ஒன்றின் கால்,
முதுகில் இன்னொன்றின் தலை."
நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
"எழுதியது போதும்" என்றேன்.
ஒரு நூல்கூட அதிகமில்லாமல் வெட்டினாள்,
வெட்டும் சத்தத்திலேயே கோபம்.

பழைய உறையைப் பிரித்தோம்.
பழுப்புக்கடியில் சிவப்பு, சிவப்புக்கடியில் சாக்கு,
சாக்குக்கடியில் ஒரு சீட்டு: வாள் நான்கு.
அது இல்லாமலே எத்தனை ஆட்டம் ஆடியிருப்போம்.
பழையதைப் புதியதன் மேல் விரித்துப் பார்த்தால்
எங்கள் கணக்கு ஒவ்வொரு துண்டிலும் மூன்று கூட.
எங்கும் மூன்று. பிசகாமல் மூன்று.
கீழ்வீட்டு இலாரியோவிடம் எஃகு அளவுகோல் வாங்கி வந்தோம்.
எழுபத்தொன்று என்றது அறுபத்தெட்டு.

நாடாவைத் திருப்பினான்.
பித்தளை நுனி இல்லை.
ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை,
மூன்றிலிருந்து ஆரம்பிக்கிறது.
"யார் வெட்டியது?"
நான்தான்.
நுனி நைந்து இழை பிரிந்ததென்று, எந்த வருஷமோ.
சொல்லவில்லை.

அதனால்தான் திரைச்சீலைகள்
இத்தனை காலம் தரை கூட்டின.
அதனால்தான் சமையலறைக் கதவுநிலையில் பென்சில் கோடுகள்,
மில்டன் ஆறு வயது, மில்டன் ஒன்பது,
பதினெட்டில் நூற்று எழுபத்திரண்டு.
துறைமுக வேலைக்கான மருத்துவச் சோதனையில்
நூற்று அறுபத்தொன்பது என்றபோது
எழுத்தரோடு சண்டை பிடித்தான் பிள்ளை,
"என் அம்மா அளந்தது" என்று.

வாஷிங்டன் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான்.
நீளவாக்கில் பன்னிரண்டு துண்டு,
மும்மூன்றாக முப்பத்தாறு.
ஒரு நாரையும் நான்கு விரலும்.
வாங்க மறுத்த துணி
வாங்கிய துணிக்குள்ளேயே இருந்தது.

தலை தலையோடு சேர்ந்தது, இரண்டு நாற்காலியிலும்.
வெளிமுதுகில் ஒன்று மட்டும் கழுத்தோடு நிற்கிறது;
அதைச் சுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இரவு மில்டன் அழைத்தான். சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
"கோட்டுக்குக் கோடு வளர்ந்தது பொய்யில்லை" என்றேன்,
"இதில் அதைக் கழித்தால் அந்த மூன்று போய்விடும்."
"சரி," என்றான், "அப்பா எவ்வளவு உயரம்?"
வாஷிங்டன் எழுந்து
கதவுநிலையில் முதுகை ஒட்டி நின்று
எஃகு அளவுகோல் எங்கே என்றான்.

இலாரியோவிடம் மாலையே கொடுத்துவிட்டேன்.